அச்சில் இல்லாத நூல் ஆளில்லாத நூலா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியச் சுவையும் பழம்பெருமையும் பேசுவது வழக்கம். இன்று நாம் அவ்வழக்கத்தினின்று சற்றே விலகுகின்றோம். கடையில் கிடைக்காது போன ஒரு பழைய தொழில்நூலை மீண்டும் அச்சிடப் புகுந்தால், யாரிடம் இசைவு பெறவேண்டும், எதற்குப் பெறவேண்டும், பெறாவிடின் என்ன கெடும் என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். வழக்கறிஞர் பேசவேண்டிய செய்தியன்றோ என்று சிலர் நினைக்கலாம். நம் ஊர்ப்பக்கத்தில் நாங்கள் பட்ட அனுபவம், இது நம் எல்லோர்க்கும் உரிய செய்தி என்பதைக் கற்பித்தது.

களியக்காவிளையைக் கடந்து திருவனந்தபுரம் நோக்கிச் செல்லும் வழியில் முதலில் வருவது பாறசாலை, அதற்கப்பால் நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்ததேயன்றி உறவைப் பிரிக்கவில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தைக்குப் போவதும் வருவதும் இன்றும் இருபுறமும் நடக்கின்றன. ஆயின் எழுத்து மட்டும் பிரிந்துபோயிற்று. பாட்டன் தமிழில் எழுதியதைப் பேரன் வாசிக்க இயலாத வீடுகள் அங்கே பல உள. பேசினால் விளங்கும், ஏட்டைக் கொடுத்தால் விழிப்பர்.

அவ்வூர்களில் தமிழ் இன்றும் தொழில்மொழியாக நிற்கும் ஒரு துறை உண்டு. அதுவே வர்ம வைத்தியம். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்று ஆசான்மார் எண்ணுவர். அடிபட்டு வர்மம் கொண்டவனை எழுப்பும் இளக்குமுறை, எலும்பு முறிவைக் கட்டும் முறை, அதற்குரிய எண்ணெய் வகைகள் அனைத்தும் தமிழ்ப் பாடல்களாகவே வழங்கி வந்துள்ளன. எல்லைக்கு இப்பால் முஞ்சிறையில் அகில திருவிதாங்கூர் சித்த வைத்திய சங்கத்தின் சித்த மருத்துவக் கல்லூரி விளங்குகின்றது. அப்பால் மலையாளம் எழுதும் ஆசான்மாரும் பாடலைத் தமிழிலேயே ஓதுகின்றனர். தமிழ்ப் பாடலை மலையாள எழுத்தில் எழுதி வைத்துள்ள குறிப்பேடுகளை நாங்கள் கண்ணாரக் கண்டோம்.

இத்தகைய ஆசான் ஒருவரைச் சென்ற முறை ஊர் சென்றபோது சந்தித்தோம். முதியவர். அவர் கையிலிருந்த நூல் அச்சுநூல் அன்று. அச்சுநூலின் ஜெராக்ஸ் படி. அதுவும் படியின் படி. பழைய வர்மப் பாடல்களைத் திரட்டி, உரை எழுதி, மருந்து முறைகளையும் சேர்த்து ஒருவர் அச்சிட்ட நூல் அது. நெடுங்காலமாக அச்சில் இல்லை. அந்நூலின் பெயரையும் தொகுத்தவர் பெயரையும் ஈண்டுக் கூறோம். அதன் காரணம் பின்னர் விளங்கும்.

ஆசான் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். முறிவுக்குரிய எண்ணெய் ஒன்றில் சேர்க்கும் சரக்கின் நிறை தமிழ் எண்ணில் அச்சாகியிருந்தது. தமிழில் நான்கைக் குறிக்கும் எண் ‘ச’ போல இருக்கும். ஆறைக் குறிக்கும் எண் ‘சு’ போல இருக்கும். இரண்டுக்கும் வேறுபாடு அடியில் உள்ள ஒரு சுழியே. அச்சுழி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கறுப்புக் கறைதான் இருந்தது. நான்கு பலமா, ஆறு பலமா? சித்த மருத்துவ அளவில் பலம் என்பது ஏறத்தாழ 35 கிராம். நான்கெனில் 140 கிராம்; ஆறெனில் 210 கிராம். கதைநூலில் ஓர் எழுத்து மங்கினால் வாசகர் ஊகித்துக்கொள்வார். மருந்துநூலில் மங்கினால் நோயாளியின் உடம்பன்றோ அதற்கு விலை கொடுக்கும்?

இந்நகருக்குத் திரும்பியதும் எங்கள் ஊர்க்காரர் சிலர் கூடினோம். இந்நூலை மீண்டும் அச்சிடுவோம், 500 படிகள் போதும், இலாபம் வேண்டா, ஆசான்மார்க்கும் மாணவர்க்கும் அடக்க விலைக்குக் கொடுப்போம் என்று முடிவு செய்தோம். பொருள் தருவாரும் இருந்தனர், அச்சகமும் இருந்தது. அப்போது ஒருவர், “பதிப்பித்த நிறுவனமே இல்லாமற் போயிற்று, இனி யார் வந்து கேட்கப் போகின்றார்?” என்றார். எங்களிற் பலர் தலையசைத்தோம் என்பதை ஒளிக்காமல் கூறுகின்றோம். பொதுநலத்திற்குச் செய்கின்றோம் என்னும் நினைவு, பிறர் பொருளை எடுக்கின்றோம் என்னும் நினைவை மறைத்துவிட்டது.

செய்தியைத் தொலைபேசியில் ஆசானிடம் சொன்னோம். அவர் மகிழ்வார் என்று எண்ணினோம். அவரோ, “மக்களே, எழுதின ஆளுக்கு ஒரு வீடு இருந்திருக்குமே, அங்க போய்க் கேட்டியளா?” என்று வினவினார். அவ்வொரு வினா எங்கள் முயற்சியின் போக்கையே மாற்றியது.

இனிச் சட்டம் கூறுவதைச் சுருங்கக் காண்போம். இந்தியாவின் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பெற்று, 1958 சனவரி 21 முதல் நடைமுறைக்கு வந்தது. நூலாசிரியர் மறைந்த பின் 50 ஆண்டுகள் உரிமை நிலைக்கும் என்பது அதன் முதல் ஏற்பாடு. 1941இல் மறைந்த இரவீந்திரநாத தாகூரின் நூலுரிமை 1991இன் முடிவில் தீரவிருந்த வேளையில், அக்காலம் 60 ஆண்டுகளாக நீட்டப்பட்டது. ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த சனவரி முதல் நாளிலிருந்து 60 ஆண்டுகளை எண்ணவேண்டும். 1942இல் மறைந்த உ. வே. சாமிநாத ஐயரின் எழுத்துகள் 2003 பிறந்தபோது பொதுவாயின. 1971இல் ஒருவர் மறைந்தார் எனக் கொண்டால், அவர் எழுத்து 2031 திசம்பர் 31 வரை அவர் வாரிசுகளுக்கு உரியது. நூல் எந்த ஆண்டில் அச்சாயிற்று, எந்த ஆண்டில் விற்றுத் தீர்ந்தது என்பவற்றை இக்கணக்கு நோக்குவதில்லை. அச்சில் இல்லை என்பதனால் உரிமை அற்றுப்போவதில்லை.

அரசு வெளியிட்ட நூலுக்குக் கணக்கு வேறு. வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகள் எண்ணவேண்டும். ஆசிரியர் மறைந்த பின் முதன்முதலாக வெளியான எழுத்துக்கும் அவ்வாறே. இதற்கு நம் மருத்துவ உலகிலேயே எடுத்துக்காட்டு உண்டு. டி. வி. சாம்பசிவம் பிள்ளையின் மருத்துவ அகராதியை அறியாத சித்த மருத்துவர் இரார். அதன் முதற்பகுதி 1931இல் வந்தது. ஆசிரியர் 1953இல் மறைந்தார். பிற்பகுதிகள் சில அவர் மறைவுக்குப் பின்னரே அச்சேறின. ஆதலின் அவர் வாழ்நாளில் வெளிவந்த பகுதி 2014 பிறந்தபோது பொதுவாயிற்று. பின் வந்த பகுதிகளுக்கோ அவை வெளியான ஆண்டுகளைக் கொண்டே கணக்கிடல் வேண்டும். ஒரே நூல், ஒரே ஆசிரியர். ஆயினும் தொகுதிக்குத் தொகுதி உரிமை வேறு. அட்டையை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

தொழில்நூலில் மற்றொரு நுட்பம் உண்டு. ஒரு நூலுக்குள் பல உரிமைகள் அடங்கியிருக்கும். எங்கள் நூலையே கொள்வோம். பழைய வர்மப் பாடல்கள் எவர்க்கும் தனியுடைமை அல்ல. மருந்து முறையும் கட்டும் முறையும் பதிப்புரிமையால் எவர்க்கும் தனித்து உரியன ஆகா. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதனைச் சொன்ன வடிவத்திற்கே உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாக்கியது. ஆனால் தொகுத்தவர் எழுதிய உரை அவருடையது. எந்தப் பாடபேதத்தைக் கொள்வது, எதனை விடுவது என்று அறிவைச் செலுத்தி அவர் செய்த பதிப்பு வேலைக்கும் மதிப்பு உண்டு. நீதிமன்றத் தீர்ப்பின் மூலம் பொதுவாயினும், பதிப்பாசிரியர் தம் திறத்தால் அதில் சேர்த்தவற்றிற்குக் காப்பு உண்டு என்று அதே நீதிமன்றம் 2007இல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் கூறியது. ஏட்டுச்சுவடிப் பதிப்புகளுக்கும் இக்கருத்து வழிகாட்டும். படங்கள் வரைந்தவர் வேறொருவர் எனின் அவற்றின் உரிமை வேறு; அணிந்துரை எழுதியவர் வேறொருவர் எனின் அதுவும் வேறு. மலையாளத்தில் பெயர்க்க விரும்பினால் மொழிபெயர்ப்பிற்கும் தனியே இசைவு வேண்டும்.

“நூலும் கிடைக்கவில்லை, உரியவரும் கிடைக்கவில்லை, நோயாளி காத்திருக்கின்றான், என் செய்வது?” என்று கேட்பீராயின், சட்டம் அங்கும் வாயிலை அடைத்துவிடவில்லை. விற்பனையில் இல்லாத நூலை இலாப நோக்கமற்ற பொது நூலகம் தன் பயனுக்காக 3 படிகள் வரை எடுத்துக்கொள்ளலாம். தம் சொந்த ஆய்வுக்காகவும் பயிற்சிக்காகவும் அளவோடு படியெடுப்பதனைச் சட்டம் குற்றமாக்கவில்லை. பாடம் நடத்துதற்கு வேண்டிய பகுதிகளைப் படியெடுத்துக் கொடுப்பது பற்றி எழுந்த தில்லிப் பல்கலைக்கழக வழக்கில், 2016இல் தில்லி உயர்நீதிமன்றம் மாணவர்க்கு இடம் தந்தது. ஆசான் கையிலிருந்த படியைக் கண்டு நாம் அவரைக் குறைகூற வேண்டுவதில்லை. ஆயின் 500 படி அச்சிட்டு விலைக்குக் கொடுப்பது இவற்றுள் அடங்காது.

அதற்கும் வழி உண்டு. அறிவியல், தொழில்நுட்ப நூல் வெளியாகி 3 ஆண்டுகள் கழிந்தும், நாட்டில் உரிய விலைக்குக் கிடைக்காதிருப்பின், முறையான கல்விப் பயனுக்காக அதனை மறுபதிப்புச் செய்ய உரிமம் கோரலாம். ஆசிரியர் மறைந்தும், உரிமையாளரைக் கண்டறிய இயலாமலும் போன நூலுக்கு வேறோர் ஏற்பாடு உண்டு. நாட்டின் பெரும்பகுதியில் பரவிய ஆங்கில நாளிதழ் ஒன்றில் தம் கருத்தை முதலில் விளம்பரம் செய்யவேண்டும். பின்னர் விண்ணப்பிக்க வேண்டும். விதிக்கும் உரிமைத்தொகையைச் செலுத்தவேண்டும். உரியவர் பின்னர் தோன்றினால் அத்தொகை அவர்க்குச் சேரும். முன்னர் இவ்விண்ணப்பங்களை விசாரித்த தீர்ப்பாயம் 2021இல் கலைக்கப்பட்டமையால், இன்று வணிக நீதிமன்றத்தையே நாடவேண்டும். இவ்வழிகளுக்கெல்லாம் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு: உரியவரைத் தேடினேன், கேட்டேன் என்று மெய்ப்பிக்க வேண்டும். தேடாதவர்க்குச் சட்டமும் உதவாது.

தமிழ்நாட்டில் பிறிதொரு நல்வழியும் உண்டு. பாரதியார் பாடல்களின் உரிமையைச் சென்னை மாகாண அரசு 1949இல் மேற்கொண்டது. அதன் பின்னர் எத்தனையோ அறிஞர்களின் நூல்களை அரசு நாட்டுடைமை ஆக்கியுள்ளது. வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கிடைக்கின்றது. நூல்களை எவரும் அச்சிடலாம். குடும்பத்தின் மதிப்பும் கெடாமல், மக்கள் பயனும் கெடாமல் காக்கும் ஏற்பாடு இது. எங்கள் நூல் அவ்வரிசையில் இல்லை. ஆதலின் வீட்டைத் தேடிப் புறப்பட்டோம்.

நூலின் முகப்பில் இருந்த முகவரியில் இன்று கைப்பேசிக் கடை ஒன்று உள்ளது. அச்சகம் மூடியாயிற்று. தொகுத்தவரின் ஊர் நெய்யாற்றின்கரைப் பக்கத்துச் சிற்றூர் என்பது முன்னுரையால் தெரிந்தது. அவ்வூர்க் கோயில் சபையின் அடக்கப் பதிவேட்டில் அவர் மறைந்த நாள் கிடைத்தது. 60 ஆண்டுகள் நிறையவில்லை. உரிமை உயிரோடு உள்ளது என்று தெளிந்தோம். பதிவேட்டைக் காட்டிய பெரியவரே அவருடைய பேத்தியார் வீட்டிற்கும் வழி சொன்னார்.

அவ்வம்மையார் முதலில் எங்களை உள்ளே அழைக்கவே தயங்கினார். காரணம் கேட்டு நாணினோம். முன்னரே ஒரு பதிப்பகத்தார் அந்நூலை எவரையும் கேளாது அச்சிட்டு, தொகுத்தவர் பெயரையும் எடுத்துவிட்டு விற்றனராம். “பணம் தராதது போகட்டும். அப்பூப்பன் பெயரையாவது விட்டு வைத்திருக்கக் கூடாதா?” என்றார். வருத்தம் பெயரைப் பற்றியதே. ஆசிரியர் என்று உரிமை கொண்டாடும் உரிமையும், தம் எழுத்தைச் சிதைக்காதே என்று தடுக்கும் உரிமையும் விலைக்கு விற்றாலும் போகாதவை என்று சட்டத்தின் 57ஆம் பிரிவு கூறுகின்றது. அப்பதிப்பின் படியொன்றையும் அவர் வைத்திருந்தார். அதில் அந்த நிறை தெளிவாக 6 பலம் என்று அச்சாகியிருந்தது. மங்கலான எழுத்தைக் கண்டவர்கள், ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளாமல் தாமே ஒன்றை முடிவு செய்துவிட்டனர் போலும்!

பின்னர் அவர் பீரோவைத் திறந்து, துணியில் பொதிந்த ஒரு படியைக் கொணர்ந்தார். தொகுத்தவரே வைத்திருந்த முதற்பதிப்பு அது. ஓரங்களில் அவர் கையாலேயே திருத்தங்கள். அந்தப் பக்கத்தை நடுங்கும் கையோடு திருப்பினோம். அச்சில் நான்கு என்றே இருந்தது. மேலும், ஓரத்தில், ‘நாலு பலம், மிகினும் ஆகாது’ என்று மையால் எழுதியிருந்தார். பேத்தியார் எங்களைப் பார்த்து, “என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்டார். அவர்க்குத் தமிழ் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. இத்தனை ஆண்டுகளாகத் தாம் வாசிக்க இயலாத ஏட்டை அவர் கரையான் அணுகாமல் காத்து வந்திருக்கின்றார். நாங்கள் வாசித்தோம், அவர் கேட்டார். ஓரக்குறிப்புகள் அனைத்தையும் வாசித்து முடிக்க மாலையாயிற்று.

பெருமக்களே, கேளாமல் அச்சிட்டிருந்தால் நாங்கள் அந்தக் கறையையே அச்சிட்டிருப்போம். அல்லது தவறான எண்ணை 500 படிகளில் பரப்பியிருப்போம். இசைவு கேட்பது வெறும் தடை என்று நினைத்தோம். அதுவே நூலின் மெய்யான பாடத்திற்கு வழியாயிற்று. நூல் கடையில் தீர்ந்து போகலாம். அதன் மூலமும் திருத்தமும் நினைவும் எங்கோ ஒரு வீட்டில் இருக்கக்கூடும். அச்சில் இல்லாத நூல் ஆளில்லாத நூல் அன்று. இதுவே நாம் சொல்ல வந்த ஒரே செய்தி.

அவ்வம்மையார் இசைந்தார். உரிமைத்தொகை பற்றிப் பேசினோம். அவர் வேறொன்றையே முதலில் கேட்டார். தம் பாட்டனாரின் முன்னுரையை மலையாளத்திலும் பெயர்த்து நூலில் சேர்க்கவேண்டும், தம் பிள்ளைகள் வாசிக்கவேண்டும் என்றார். ஆயினும் அவர் ஒருவர் இசைவு போதாது. பதிப்புரிமை பிற சொத்துகளைப் போலவே வாரிசுகள் அனைவர்க்கும் இறங்கும். உடன்பிறந்தார் வழியில் வேறு இருவர் உள்ளனர். ஒருவர் அயல்நாட்டில் இருக்கின்றார். அவர்களுடைய எழுத்துமூலமான இசைவு வரும்வரை நூலின் பெயரை மேடையில் கூறுவதில்லை என்று அம்மையாருக்கு வாக்களித்துள்ளோம். பெயர் கூறாத காரணம் இதுவே.

இறுதியாக, உங்கள் இல்லங்களிலும் இத்தகைய நூல் இருக்கலாம். நெசவு, தச்சு, கால்நடை வைத்தியம், சமையல், இசை எதுவாயினும் ஆகுக. மறுபதிப்புக்கு முயல்வோர் முதலில் முகப்பையும் முன்னுரையையும் கருத்தூன்றி வாசியுங்கள். ஆசிரியர் மறைந்த ஆண்டை ஆவணத்தால் உறுதி செய்யுங்கள். பழம்பாடல் எது, உரை எது, படம் எவருடையது என்று பிரித்து எழுதுங்கள். வாரிசுகள் எல்லோரிடமும் எழுத்தில் இசைவு பெறுங்கள். எத்தனை படி, என்ன விலை, எத்தனை ஆண்டு, எந்த மொழி என்பவற்றை அதில் குறியுங்கள். தேடிய தேட்டத்தையெல்லாம் நாள் குறித்துப் பதிந்து வையுங்கள். அயல்நாட்டில் அச்சிடுவதாயின் அந்நாட்டுக் கணக்கை அறியுங்கள். மலேசியாவில் ஆசிரியர் மறைவுக்குப் பின் 50 ஆண்டு, சிங்கப்பூரிலும் இலங்கையிலும் 70 ஆண்டு. ஐயமான இடத்தைத் திருத்த நேர்ந்தால், திருத்தியது நாம் என்று அடிக்குறிப்பில் சொல்லுங்கள். ஆசிரியர் வாயில் நம் சொல்லைத் திணியாதீர்கள்.

நூலெழுதும் அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்களுக்குப் பின் நூலை யார் காப்பது, எவர் அச்சிடலாம் என்று இன்றே எழுதி வையுங்கள். விரும்பினால் உரிமையைப் பொதுவாக விட்டுக்கொடுக்கவும் சட்டம் இடமளிக்கின்றது. நீங்கள் எழுதும் ஒரு பக்கம், உங்கள் பேரர்கள் வீடு தேடி அலைவோரின் ஆண்டுகளை மிச்சப்படுத்தும்.

மற்றுமொன்று. இசைவு கிடைத்துவிடும், நூலும் வந்துவிடும். அதனை வாசிக்கும் கண்கள் வேண்டுமே! எல்லைக்கு அப்பால் உள்ள நம் பிள்ளைகளுக்கும், இந்நகரில் வளரும் நம் பிள்ளைகளுக்கும் தமிழ் எழுத்தைக் கற்பிக்கும் கடமை எந்தச் சட்டத்தாலும் பிறர்மேல் ஏற்றத் தக்கதன்று. அது நம்முடையது. வரும் கோடையில் அவ்வம்மையாரின் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கற்பிக்க எங்களில் ஒருவர் ஒப்புக்கொண்டுள்ளார். பாட்டனார் எழுதிய ‘நாலு பலம்’ என்னும் குறிப்பே அவர்களுடைய முதற்பாடம் ஆகும்.